செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகலை

வண்டி கிளம்பவில்லை என்று போன் செய்தால் மெக்கானிக் கேட்கும் முதல் கேள்வி, "செல்ஃப் அடிக்குதா?" என்பதுதான். அடிக்கவில்லை என்றால் சந்தேகம் பேட்டரி, டெர்மினல், ஸ்டார்ட்டர் மோட்டார், சாவி சுவிட்ச் ஆகியவற்றின் மேல் விழும். நன்றாக அடிக்கிறது, ஆனால் என்ஜின் பிடிக்கவில்லை என்றால் கோளாறின் சாதியே வேறு. மேலே சொன்ன நான்கும் ஏறக்குறைய விடுதலை பெற்றுவிடுகின்றன.

ஆனால் சாலையோரத்தில் நடப்பது என்ன? செல்ஃப் கணீரென்று சுழலும் வண்டிக்கும் பக்கத்துக் காரிலிருந்து கேபிள் போட்டு ஜம்ப் கொடுப்பார்கள். நாலு பேர் கூடித் தள்ளுவார்கள். தள்ளினால் என்ன நடக்கும்? என்ஜின் சுழலும். அதைத்தான் செல்ஃபே செய்துகொண்டிருக்கிறது! இல்லாத ஒன்றைக் கொடுப்பதற்குப் பதிலாக, இருக்கிற ஒன்றையே மறுபடி கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஸ்பேனரைத் தொடாமலே இந்தக் கோளாறு ஒளிந்திருக்கும் இடத்தைப் பெருமளவு சுருக்கிவிடலாம். அதற்கு இரண்டு பழக்கங்கள் வேண்டும். சந்தேகப் பட்டியலை ஒரே வெட்டில் பாதியாக்கும் கேள்வியை முதலில் கேட்பது ஒன்று. கிடைத்த பதில் எதைச் சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்று பிரித்துப் பார்ப்பது இன்னொன்று. முதலாவது நல்ல மெக்கானிக்குகள் எல்லோரிடமும் உண்டு. இரண்டாவதுதான் அரிது.

0.15 விநாடியில் நடக்க வேண்டியவை

பெட்ரோல் என்ஜினால் தானாக எழுந்து நிற்க முடியாது. முதல் சில சுற்றுகளை வெளியிலிருந்து யாராவது சுற்றிவிட வேண்டும். காரின் ஆரம்ப காலத்தில் அந்த வேலையை மனிதக் கைதான் செய்தது. முன்பக்கத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றுவார்கள். என்ஜின் எதிர்த்திசையில் உதைத்தால் மணிக்கட்டு முறியும்.

இந்தத் தொல்லையைத் தீர்த்தவர் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம் டேட்டன் நகரில் வேலை செய்த சார்லஸ் கெட்டரிங். ஒரு காரின் என்ஜினைச் சுற்றும் அளவுக்குப் பெரிய மோட்டாரைக் காரிலேயே வைக்க முடியாது என்று பலரும் நினைத்திருந்த காலம். கெட்டரிங் அதற்கு முன் கடைகளில் பணம் வாங்கும் கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மின் மோட்டார் வடிவமைத்தவர். அந்த மோட்டார் நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை, ஒரு நொடி வேகமாக இழுத்தால் போதும். கார் ஸ்டார்ட்டரும் அப்படித்தானே? சில விநாடிகளுக்கு மட்டும் என்றால், சிறிய மோட்டாரிடம் அதன் சக்திக்கு மீறிய வேலையை வாங்கலாம். 1911-இல் அவர் செய்துகாட்டிய ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்தது.

இன்றைய செல்ஃபும் அதே கணக்கில்தான் ஓடுகிறது. சிறிய பெட்ரோல் காரில்கூட அது 100 முதல் 200 ஆம்பியர் வரை மின்சாரம் இழுக்கும். ஒரே மூச்சில் 10 விநாடிக்கு மேல் அடிக்கக் கூடாது, நடுவில் ஆறவிட வேண்டும் என்று சொல்வது அதனால்தான்.

செல்ஃப் என்ஜினை நிமிடத்துக்குச் சுமார் 200 சுற்று வேகத்தில் சுழற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 0.3 விநாடி. நான்கு சிலிண்டர் என்ஜினில் அரைச் சுற்றுக்கு ஒரு சிலிண்டர் எரிய வேண்டும். அதாவது 0.15 விநாடிக்கு ஒரு தடவை. 1200 சிசி என்ஜின் என்றால் ஒவ்வொரு சிலிண்டரும் 300 கன சென்டிமீட்டர். அதற்குள் நுழையும் காற்றின் எடை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற எடை விகிதப்படி பார்த்தால், அதற்கு வேண்டிய பெட்ரோல் சுமார் 24 மில்லிகிராம். ஒரு துளி என்று சொல்லும் அளவுகூட இல்லை.

அந்தச் சிறு அளவு ஆவியாகிக் காற்றோடு கலக்க வேண்டும். கலவையில் பெட்ரோல் ஆவி 1.4 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் எரியாது. 7.6 விழுக்காட்டுக்கு மேலே போனாலும் எரியாது. கலந்ததைப் பிஸ்டன் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காக நசுக்க வேண்டும். நசுங்கி முடியும் தறுவாயில் பிளக் பொறி தெறிக்க வேண்டும். பெட்ரோல், காற்று, கம்ப்ரஷன், கரண்ட் ஆகிய நான்கும் சரியான நேரத்தில் ஓரிடத்தில் கூடினால் என்ஜின் பிடிக்கும்.

இங்கே ஒரு எளிய தர்க்கம் பெரிய உதவி செய்கிறது. நான்கு சிலிண்டரில் ஒன்று மட்டும் கெட்டிருந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகும். உதறிக்கொண்டு ஓடும், அவ்வளவுதான். அறவே பிடிக்கவில்லை என்றால் நான்கும் ஒரே நேரத்தில் பட்டினி கிடக்கின்றன என்று பொருள். நான்கு பிளக், பிளக்குக்கு மின்சாரம் தரும் நான்கு காயில், பெட்ரோலைத் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டர் எல்லாம் ஒரே ராத்திரியில் கூடிப் பேசி வைத்துக்கொண்டு கெட்டுப் போவது நடவாத காரியம். ஆகவே கோளாறு நான்குக்கும் பொதுவான ஏதோ ஓர் இடத்தில் இருக்கிறது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்தக் கோளாறுக்கு அப்படியே பொருந்தும். ஒரு சிலிண்டரைச் சோதித்தாலே பெரும்பாலும் நான்கின் நிலையும் தெரிந்துவிடும். நான்கு காயிலையும் மாற்றச் சொல்பவரிடம் "ஏன்?" என்று கேட்கும் உரிமையும் நமக்கு வந்துவிடுகிறது.

முதல் சோதனைக் கருவி காது

செல்ஃப் சத்தத்தைக் கவனித்துக் கேட்டால் அதில் ஒரு தாளம் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை நசுக்கும்போது மோட்டார் சற்றே திணறும், பிறகு விடுபடும். ஏற்ற இறக்கம் சீராக இருந்தால் நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் ஏறக்குறைய சரி.

தாளமே இல்லாமல், வழக்கத்தைவிட வேகமாக, தையல் மெஷின் மோட்டார் போல "விர்ர்ர்" என்று சுழன்றால் கையைச் சாவியிலிருந்து எடுத்துவிடுங்கள். டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். கீழே கிராங்க் ஷாஃப்ட் சுழல்கிறது; மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் அப்படியே நிற்கிறது. சில வால்வுகள் திறந்தபடி உறைந்திருப்பதால் காற்று நசுங்காமல் வெளியேறுகிறது. பல என்ஜின்களில் திறந்து நிற்கும் வால்வில் பிஸ்டன் மோதும் வாய்ப்பு உண்டு. மேலும் மேலும் அடித்தால் செலவு கூடும். பல கார்களில் இதை உறுதி செய்ய ஒரு சுலப வழி இருக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தபடி, இன்னொருவரை ஒரு விநாடி மட்டும் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே தெரியும் கேம் ஷாஃப்ட் அசையவில்லை என்றால் விசாரணை முடிந்தது. பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி வைத்த என்ஜின்களில் இந்தச் சங்கடம் குறைவு.

சத்தம் மெதுவாக, இழுத்து இழுத்து வந்தால் பேட்டரி மறுபடி சந்தேகப் பட்டியலில் ஏறுகிறது. முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது சுமார் 10 வோல்ட்டுக்குக் கீழே விழக் கூடாது. சோர்ந்த பேட்டரி என்ஜினை எப்படியோ உருட்டிவிடும், ஆனால் மின்னணுப் பாகங்களுக்கு மிச்சம் வைக்காது. முதல் பத்தியில் "ஏறக்குறைய விடுதலை" என்று சொன்னதில் அந்த "ஏறக்குறைய" இதற்காகத்தான்.

வெள்ள நீரில் நின்ற காருக்கு மட்டும் இந்தக் காது சோதனைகூட வேண்டாம். காற்று நசுங்கும், தண்ணீர் நசுங்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது செல்ஃப் அடித்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடலாம். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு சென்னையில் பலருக்கும் தெரியவந்த பாடம் இது.

சாவியை ஆனில் நிறுத்திப் பாருங்கள்

பெரும்பாலோர் சாவியை ஒரே திருப்பில் ஸ்டார்ட் வரை கொண்டுபோகிறோம். நடுவில் ஆன் நிலையில் இரண்டு விநாடி நிறுத்தினால் கார் பல விஷயங்களைச் சொல்கிறது. பட்டன் ஸ்டார்ட் கார்களில் பிரேக்கையோ கிளட்சையோ மிதிக்காமல் பட்டனை இரண்டு தடவை அழுத்தினால் பெரும்பாலும் இதே நிலை வரும்.

முதலில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கைப் பாருங்கள். ஓடும்போது அது எரிந்தால் கவலை. ஆன் நிலையில் அது எரியாவிட்டால்தான் கவலை. எரியவில்லை என்றால், மெக்கானிக்குகள் ஈசிஎம் என்று சொல்லும் என்ஜின் கணினிக்கே மின்சாரம் போகவில்லை. ஃபியூஸையும் மெயின் ரிலேயையும் பார்க்க வேண்டும்.

அடுத்து, சாவி படமோ பூட்டுப் படமோ போட்ட சிறு விளக்கு. அது அணையாமல் சிமிட்டிக்கொண்டே இருந்தால் இம்மொபிலைசர் உங்களைத் திருடன் என்று நினைக்கிறது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் பேட்டரியே இல்லாத ஒரு சில்லு இருக்கிறது. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் ரேடியோ அலை வழியே அதற்கு மின்சாரமும் கொடுத்து, அதன் ரகசிய எண்ணையும் கேட்டு வாங்குகிறது. எண் பொருந்தவில்லை என்றால் பல கார்களில் செல்ஃப் சுழலும், பெட்ரோலும் கரண்டும் மட்டும் வராது. சிலவற்றில் ஓரிரு விநாடி ஓடி அணைந்துவிடும். வீட்டிலிருக்கும் இரண்டாவது சாவியைப் போட்டுப் பார்ப்பதுதான் இதற்கு மிக மலிவான சோதனை.

மூன்றாவது, பின் சீட்டுப் பக்கமிருந்து வரும் "ம்ம்ம்" என்ற முனகல். டேங்குக்குள் முங்கிக் கிடக்கும் பெட்ரோல் பம்பு, ஆன் செய்ததும் சுமார் இரண்டு விநாடி ஓடிப் பைப்பில் அழுத்தம் ஏற்றிவிட்டு நிற்கும். சத்தமே வரவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, வயர், பம்பு என்ற சங்கிலியில் எங்கோ அறுந்திருக்கிறது. பல கார்களில் ஹாரன் ரிலேயும் பம்பு ரிலேயும் ஒரே மாதிரி. இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தால் ஒரு பைசா செலவில்லாமல் ஒரு பதில் கிடைக்கும்.

சத்தம் வந்தால்? "பம்பு நல்லாருக்கு" என்று பலரும் அங்கேயே முடித்துவிடுகிறார்கள். சத்தம் சொல்வது மோட்டார் சுழல்கிறது என்பதை மட்டுமே. பெட்ரோல் வருகிறதா, இன்ஜெக்டருக்குத் தேவையான 3 முதல் 4 பார் அழுத்தம் ஏறுகிறதா என்பதை அது சொல்லாது. பம்பின் உள் பாகம் தேய்ந்திருக்கலாம், ஃபில்டர் அடைத்திருக்கலாம். மிதவை சிக்கிக்கொண்டு, காலி டேங்குக்கு மீட்டர் கால் டேங்க் என்று காட்டிக்கொண்டிருக்கலாம். இந்தக் கேள்விக்கு ப்ரஷர் கேஜ் ஒன்றுதான் பதில் சொல்லும்.

பழைய அம்பாசடர், பத்மினி கார்களில் பம்பு என்ஜின் ஓரமாக உட்கார்ந்து டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சியது. மலைப்பாதையில் என்ஜின் சூட்டில் பைப்பில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளும். உறிஞ்சும் பக்கம் அழுத்தம் குறைவு, உயரத்தில் காற்றழுத்தமும் குறைவு. இரண்டும் சேர்ந்து கொதிநிலையைக் கீழே இறக்கிவிடும். டிரைவர்கள் பம்பின் மேல் ஈரத்துணி போட்டுக் காத்திருந்தது சரியான இயற்பியல்தான். பம்பை டேங்குக்குள் கொண்டுபோய், உறிஞ்சுவதை விட்டுத் தள்ளுவதாக மாற்றிய பிறகு அந்தக் காட்சி சாலைகளிலிருந்து மறைந்தது.

பிளக் தரும் இரண்டு பதில்கள்

1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ் தன் இரு மகன்களோடு, கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியில் ஜெர்மனியின் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை 100 கிலோமீட்டருக்கும் மேல் ஓட்டிச் சென்றார். உலகின் முதல் நெடுந்தூரக் கார் பயணம் அது. வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார் என்றும், இக்னிஷன் வயர் உராய்ந்து மின்சாரம் கசிந்தபோது காலுறைப் பட்டையைச் சுற்றிக் காப்பிட்டார் என்றும் சொல்வார்கள். ஒன்று எரிபொருள், இன்னொன்று மின்சாரம். இன்றும் விசாரணை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் முதலில் பிரிகிறது.

பிரிக்க உதவுவது பிளக். ஐந்தாறு விநாடி செல்ஃப் அடித்துவிட்டு ஒரு பிளக்கைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோங்கள். நுனி காய்ந்து, வாடை இல்லாமல் இருந்தால் பெட்ரோல் உள்ளே வரவில்லை. ஈரமாக, கப்பென்று பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. இதே கேள்வியை வேறு வழியிலும் கேட்கலாம். காற்று உள்ளே போகும் பாதையில் கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரேயை ஒரு நொடி அடித்துவிட்டு ஸ்டார்ட் செய்வார்கள். இரண்டு விநாடி பிடித்து அணைந்தால் கரண்ட், கம்ப்ரஷன், டைமிங் மூன்றும் ஒரே அடியில் விடுதலை. குற்றவாளி பெட்ரோல் பக்கம். ஸ்ப்ரேக்குப் பதில் பெட்ரோலையே ஊற்றுவது ஆபத்து. ஒரு பின்வெடிப்பு போதும், முகத்தில் தீ.

ஈர பிளக் என்றால் அடுத்தது கரண்ட் சோதனை. பிளக்கைக் காயிலோடு சேர்த்து என்ஜின் உடம்பில் படும்படி வைத்து, செல்ஃப் அடித்துப் பொறி தெரிகிறதா என்று பார்ப்பார்கள். அதற்கு முன் இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் பிளக் துவாரத்தில் வெளிவரும் பெட்ரோல் ஆவி அதே பொறியில் பற்றும். காயிலை வெறுங்கையால் பிடிக்கவும் கூடாது.

பொறி தெரிந்ததும் "கரண்ட் வருது" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். இங்கேதான் 1889-இல் ஃபிரீட்ரிஷ் பாஷென் என்ற ஜெர்மன் இயற்பியலாளர் கண்டறிந்த விதி குறுக்கே வருகிறது. இரண்டு முனைகளுக்கு நடுவே பொறி பாய எத்தனை வோல்ட் வேண்டும் என்பது இடைவெளியை மட்டும் பொறுத்ததல்ல. இடைவெளியையும் நடுவிலுள்ள வாயுவின் அழுத்தத்தையும் பெருக்கி வரும் எண்ணைப் பொறுத்தது. திறந்த வெளியில் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 முதல் 4,000 வோல்ட் போதும். பிளக்கின் இடைவெளியும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதே பிளக் சிலிண்டருக்குள், பத்து மடங்கு நெருக்கப்பட்ட காற்றில் இருக்கும்போது 10,000 வோல்ட்டுக்கு மேல் தேவைப்படும். சில நேரம் 20,000-ஐயும் தாண்டும். ஆகவே சோர்ந்த காயில் வெளியில் பளிச்சென்று பொறி காட்டிவிட்டு, உள்ளே போனதும் கைவிரித்துவிடலாம். ஸ்பார்க் டெஸ்டர் என்று விற்கும் சிறு கருவியில் இடைவெளி வேண்டுமென்றே பல மில்லிமீட்டர் வைக்கப்பட்டிருப்பது இதனால்தான். திறந்த காற்றிலேயே உள்ளிருக்கும் கடினத்தை அது உண்டாக்குகிறது. அதைத் தாண்டி நீலப் பொறி "டக் டக்" என்று பாய்ந்தால் கரண்டை நம்பலாம்.

பல் விழுந்த சக்கரம்

பெட்ரோலும் வரவில்லை, கரண்டும் வரவில்லை என்றால்? பயப்பட வேண்டாம், இது நல்ல செய்தி. இரண்டு தனித்தனிக் கோளாறு ஒரே நாளில் வருவதைவிட, இரண்டையும் ஆளும் ஒன்று கெட்டிருப்பதற்கே வாய்ப்பு அதிகம். ஈசிஎம்முக்குப் போகும் மின்சாரமும் இம்மொபிலைசரும் சரியாக இருந்தால், மிச்சமிருப்பதில் முதல் ஆள் கிராங்க் சென்சார்.

கிராங்க் ஷாஃப்டோடு சுழலும் பல் சக்கரம் ஒன்று உண்டு. பல கார்களில் அதில் 60 பற்களுக்கு இடம் இருக்கும், ஆனால் 58 பற்களே இருக்கும். இரண்டை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். பக்கத்தில் காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட சென்சார். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் ஒரு சிறு மின்துடிப்பு எழும். விஞ்ஞானி ஃபாரடே 1831-இல் கண்ட மின்காந்தத் தூண்டல்தான் இது. பல் இல்லாத இடத்தில் துடிப்பு தவறும். பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று கணினி கணக்கிட அந்த இடைவெளிதான் தொடக்கப் புள்ளி.

இந்தத் துடிப்பு வராவிட்டால் என்ஜின் நிற்கிறது என்றே கணினி நினைக்கும். செல்ஃப் எவ்வளவு சுழற்றினாலும் அதற்குத் தெரியாது. நிற்கும் என்ஜினுக்கு எதற்குப் பெட்ரோல், எதற்குப் பொறி? இரண்டையும் நிறுத்திவிடும். பல கார்களில் இதை ஆர்பிஎம் முள்ளே காட்டிக்கொடுக்கும். செல்ஃப் அடிக்கும்போது முள் 200 பக்கமாகச் சற்றே எழுந்தால் சென்சார் உயிரோடு இருக்கிறது. எல்லாக் கார்களின் முள்ளும் அவ்வளவு நுணுக்கமானதல்ல. ஸ்கேனர் போட்டால் ஆர்பிஎம் எண்ணாகவே தெரியும்.

ஃபாரடேயின் விதியில் இன்னொரு வரியும் உண்டு: காந்தப்புலம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அவ்வளவு வலுவாக மின்துடிப்பு எழும். சோர்ந்த பேட்டரி என்ஜினை மெதுவாக உருட்டும்போது, கம்பிச்சுருள் வகைச் சென்சாரின் துடிப்பு கணினிக்குக் கேட்காத அளவுக்கு மெலிந்துபோகலாம். சென்சாரை மாற்றியும் சரியாகாத வண்டி, புது பேட்டரி போட்டதும் பிடித்துக்கொள்ளும் அதிசயத்துக்கு இது ஒரு காரணம்.

இந்தச் சென்சாரின் கோளாறு பல சமயம் வெயில் நேரத்து நோயாக வரும். அரை மணி ஓடிய பின் வண்டி திடீரென்று நிற்கும். செல்ஃப் அடித்தால் பிடிக்காது. ஓரமாக நிறுத்திவிட்டு டீ குடித்து வந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். சுருளின் மெல்லிய செம்புக் கம்பியில் ஒரு கீறல் இருந்தால் சூட்டில் விரிந்து பிரிகிறது, ஆறினால் மறுபடி தொட்டுக்கொள்கிறது. ஒர்க்‌ஷாப்புக்குப் போய்ச் சேரும்போது எல்லாம் சரியாக இருக்கும். நின்ற அந்த நிமிடத்திலேயே சோதித்தால்தான் இது பிடிபடும்.

எல்லாம் இருக்கிறது, ஆனாலும்...

கரண்ட் வலுவாக இருக்கிறது, கம்ப்ரஷன் இருக்கிறது, பெட்ரோலும் தாராளமாக வருகிறது. அந்தத் தாராளமே கோளாறாக இருக்கலாம். 7.6 விழுக்காட்டு வரம்பை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்.

குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் முழுதும் ஆவியாகாது. பாதி சுவரில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே கணினி குளிருக்கு ஏற்பக் கூடுதலாகத் தெளிக்கிறது. எவ்வளவு குளிர் என்று அதற்குச் சொல்வது கூலன்ட் வெப்ப சென்சார். சூடு ஏற ஏற மின்தடை குறையும் பொருளால் ஆனது அது. 20 டிகிரியில் 2,500 ஓம் அளவில் இருப்பது, 80 டிகிரியில் 300 ஓம் பக்கம் இறங்கும். கனெக்டரில் பாசி பிடித்து மின்தடை கூடினால், மதுரையின் சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குப் பனிப் பிரதேசத்து அளவில் பெட்ரோல் போகும். வயர் முழுதாக அறுந்தால் பல கணினிகள் கண்டுபிடித்து மாற்று எண்ணை எடுத்துக்கொள்கின்றன. அரைகுறைக் கோளாறைத்தான் அவை நம்பிவிடுகின்றன.

இப்படி மூழ்கிய என்ஜினுக்கு ஒரு முதலுதவி உண்டு. ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடித்தால், பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் கார்களில் கணினி பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். வெறும் காற்று புகுந்து ஈரத்தை வெளியேற்றும். கார்புரேட்டர் காலத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பெட்ரோல் பீய்ச்சும். அந்தப் பழக்கத்தில் இன்றும் பலர் பெடலை மிதித்து மிதித்து விடுகிறார்கள். இந்தக் கார்களில் அதனால் பயன் இல்லை.

மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டி என்றால் பெட்ரோலின் தரத்தையும் கேள்வி கேட்க வேண்டும். ஸ்டார்ட் ஆக உதவுவது பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் லேசான பகுதிகள். முதலில் பறந்துபோவதும் அவைதான். இந்தியாவில் இப்போது பெட்ரோலோடு 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் தண்ணீரை ஈர்த்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பம்பு உறிஞ்சும் இடமும் அந்த அடிதான்.

டீசலின் கணக்கு

டீசல் என்ஜினில் பிளக் பொறி இல்லை. காற்றைப் பதினைந்து மடங்குக்கு மேல் நசுக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடேறும். அதில் பீய்ச்சும் டீசல் தானே பற்றும். ஆகவே இங்கே கம்ப்ரஷனுக்கும் செல்ஃபின் வேகத்துக்கும் முதலிடம். பிளக்கின் ஈரத்துக்குப் பதிலாகப் புகையைப் பார்க்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் வெண்புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை. குளிரான ஊர்களில், ஸ்டார்ட் செய்யுமுன் சிலிண்டரைச் சூடேற்றும் க்ளோ பிளக்கைச் சந்தேகிக்கலாம். புகையே இல்லை என்றால் டீசலே போகவில்லை.

எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயில் வண்டிகளில், அந்தக் குழாயின் அழுத்தம் சுமார் 200 பார் எட்டும்வரை கணினி இன்ஜெக்டரைத் திறக்காது. டேங்க் வறண்டு நின்ற வண்டியில் டீசல் ஊற்றியும் பிடிக்காதது இதனால்தான். பைப்பில் புகுந்த காற்று நசுங்கிக்கொடுக்கும், அழுத்தம் ஏறாது. ஃபில்டர் மேலிருக்கும் கைப்பம்பை அமுக்கி ஏர் எடுத்தால் சரியாகும். பெட்ரோல் வண்டிக்குச் சொன்ன ஸ்ப்ரே வித்தையை மட்டும் டீசலில் செய்யவே கூடாது. பழுக்கக் காய்ந்த க்ளோ பிளக்கில் பட்டால் வேண்டாத நேரத்தில் வெடித்து என்ஜினையே உடைக்கும்.

ஸ்கேனர் சொல்வதும் சொல்லாததும்

ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால், கணினி குறித்துவைத்த பிழை எண்கள் வரும். பி0335 என்று வந்தால் உடனே கிராங்க் சென்சார் வாங்க ஆள் ஓடுகிறது. அந்த எண் சொல்வது கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் சிக்கல் என்பது மட்டுமே. மின்சுற்று என்றால் சென்சார், கனெக்டர், அங்கிருந்து ஈசிஎம் வரை போகும் வயர் எல்லாம் சேர்ந்தது. அந்த வயரை எலி கடித்திருந்தால் எத்தனை சென்சார் மாற்றினாலும் எண் அப்படியே இருக்கும்.

பிழை எண் எதுவுமே வரவில்லை என்றாலும் எல்லாம் சரி என்று ஆகாது. சாதாரண இன்ஜெக்‌ஷன் கார்கள் பலவற்றில் பெட்ரோலின் அழுத்தத்தை அளக்க சென்சாரே கிடையாது. அளக்காத ஒன்றைப் பற்றிக் கணினி புகார் சொல்லாது. பம்பு சாகக் கிடந்தாலும் திரையில் "பிழை இல்லை" என்றே வரும்.

எனவே காரின் சொந்தக்காரர் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி உதிரி பாகம் வாங்குவதில் இல்லை, பார்த்ததைப் பார்த்தபடி சொல்வதில் இருக்கிறது. நின்றபோது என்ஜின் சூடாக இருந்ததா, குளிர்ந்திருந்ததா? கடைசியாக என்ன வேலை பார்த்தார்கள்? செல்ஃப் சத்தம் வழக்கம்போல இருக்கிறதா? "அண்ணே, பூட்டு விளக்கு அணைஞ்சிடுது. பம்பு சத்தம் வருது, ஆர்பிஎம் முள் அசையுது. ஆனா பிளக்கு காய்ஞ்சு கிடக்குது" என்று ஒருவர் போனில் சொன்னால், இம்மொபிலைசரையும் கிராங்க் சென்சாரையும் பம்பு ரிலேயையும் அவர் ஏற்கெனவே பட்டியலின் அடிக்குத் தள்ளிவிட்டார். இனி மெக்கானிக் முதலில் எடுத்து வர வேண்டியது புது பம்பு அல்ல, ப்ரஷர் கேஜ்.